நாடக மேடைக்கு எந்த மிரர்லெஸ்? எக்ஸ்-டி5, ஏ7 ஃபோர்: ஒரு நிகழ்வு ஆய்வு

கேள்வி

என் தோழி ஒருவர் அமெச்சூர் நாடகக் குழுவொன்றுக்குப் பல வருடங்களாகப் படமெடுத்து வருகிறார். ஒத்திகை, மேடையேற்றம், சுவரொட்டிக்கான படம் எல்லாம் அவர் பொறுப்பு. கைவசம் இருந்தது 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், பின்னர் சேர்ந்த 55-200 மி.மீ. ஜூம். படங்கள் இருட்டில் சொதசொதவென்று வருகின்றன, இனி இதோடு மல்லுக்கட்ட முடியாது என்ற நிலையில் அவர் இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை, அதாவது டிஎஸ்எல்ஆரில் உள்ள கண்ணாடி இல்லாதவற்றை, தேர்ந்து வைத்திருந்தார். ஒன்று ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி5, 2022 நவம்பரில் அறிமுகமானது. மற்றது சோனி ஏ7 ஃபோர், 2021 அக்டோபரில் அறிமுகமானது.

"சென்சார் பெரிதாக இருந்தால் இருட்டுக்கு நல்லது என்கிறார்கள். ஆனால் ஃபூஜி எடை குறைவு, 40 மெகாபிக்சல், கையில் எடுத்தாலே பிடித்துப்போகிறது. நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்த இரண்டில் எது நல்ல கேமரா என்ற கேள்விக்கு விடை கிடையாது. இரண்டுமே நல்ல கேமராக்கள். இன்ன இருக்கையிலிருந்து, இன்ன வெளிச்சத்தில், இன்ன லென்ஸோடு எது அவருக்கு வேண்டிய படத்தைத் தரும் என்ற கேள்விக்கு மட்டும் விடை உண்டு. அந்த விடையில் பாதி அவருடைய பழைய வன்தட்டிலேயே இருந்தது. விவரப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பு அதைத் திறந்தோம்.

பழைய படங்கள் சொன்னது

டிஜிட்டல் படக்கோப்பு ஒவ்வொன்றோடும் எக்ஸிஃப் என்ற தகவல் தொகுப்பு சேர்ந்தே பதிவாகிறது. குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. எண்), துளை (லென்ஸ் திறந்திருக்கும் அளவு), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) எல்லாம் அதில் இருக்கும். லைட்ரூமிலோ இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேமிலோ இவற்றை வைத்துப் படங்களை வடிகட்டலாம். கேமரா வாங்க நினைக்கும் யாரும் முதலில் செய்யவேண்டிய வேலை இது. ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை, ஏனென்றால் புதிய கேமராவின் காணொளி மதிப்புரைகளைப் பார்ப்பது இதைவிடச் சுவாரசியமாக இருக்கிறது.

வடிகட்டியதும் சில விஷயங்கள் பளிச்சென்று தெரிந்தன. 18-55 லென்ஸ் திரை விழுந்த பிறகு எல்லோரும் வரிசையாக நிற்கும் படத்துக்கு மட்டுமே வெளியே வந்திருக்கிறது. மற்றவை அனைத்தும் 55-200இல் எடுத்தவை. அதிலும் பெரும்பகுதி 90க்கும் 140க்கும் இடையில். குழு அவருக்கு ஒதுக்கும் இருக்கை எப்போதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருப்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. துளை எப்போதுமே அந்த லென்ஸ் திறக்கும் எல்லை வரை திறந்திருந்தது. ஐஎஸ்ஓ 6400ஐத் தொட்டு நின்றது. அதற்கு மேல் போகவேண்டாம் என்று அவரே வைத்துக்கொண்ட வரம்பு அது. ஆக, ஷட்டர் வேகம்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது: 1/60, 1/80, சில காட்சிகளில் 1/40.

அடுத்து, ஒதுக்கிய படங்களைத் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தோம். மங்கலில் இரண்டு சாதி உண்டு. ஃபோகஸ் தவறிய படத்தில் முகம் பஞ்சு போல இருக்கும், ஆனால் பின்னாலுள்ள கதவின் மரவரிகளோ முன்னாலிருக்கும் நாற்காலியின் விளிம்போ துல்லியமாக இருக்கும். அசைவால் மங்கிய படத்தில் அரங்க அமைப்பு முழுவதும் தெளிவாக இருக்கும். நடிகரின் சட்டைப் பித்தான்கூடத் தெளிவாக இருக்கும். விரல்களும் தாடையும் மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். தோழியின் ஒதுக்கல் குவியலில் இரண்டாவது சாதியே நிறைந்திருந்தது. அதாவது, சென்சாரின் இரைச்சல் (இருட்டுப் படங்களில் தெரியும் புள்ளிப் பொரி) என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் 1/60 விநாடியின் வேலை.

இதனால் பட்டியலிலிருந்து ஒரு வரி உடனடியாக அடிபட்டது. எக்ஸ்-டி5இன் உடலுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு 7 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) என்றும் ஏ7 ஃபோரின் தடுப்பு 5.5 ஸ்டாப் என்றும் நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. கேமராவைப் பிடித்திருக்கும் கையின் நடுக்கத்தைத்தான் அது தடுக்கும். மேடையில் வீசப்படும் கையை நிறுத்தாது. அந்தி வேளையில் மலையை எடுப்பவருக்கு அந்த ஒன்றரை ஸ்டாப் பெரிய விஷயம். இங்கே அது பூஜ்யம்.

காகிதத்தில்

எக்ஸ்-டி5இல் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார், 23.5க்கு 15.6 மி.மீ. ஏ7 ஃபோரில் ஃபுல் ஃபிரேம், ஏறத்தாழ 36க்கு 24 மி.மீ. பரப்பில் பின்னது முன்னதைப் போல ஏறத்தாழ 2.35 மடங்கு, ஒன்றேகால் ஸ்டாப்.

மெகாபிக்சல் சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 40க்கும் 33க்கும் இடையில் பெரிய இடைவெளி இருப்பது போலத் தோன்றும். ஆனால் அகலவாட்டில் எண்ணினால் 7728 பிக்சலும் 7008 பிக்சலும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் ஒன்று 25.8 அங்குலம், மற்றது 23.4 அங்குலம். சுவரொட்டியில் அந்த இரண்டரை அங்குலத்தை ஒருவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. (படத்தை வெட்டிச் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்துபவரின் கதை வேறு, அதைக் கடைசியில் பார்க்கலாம்.)

இருட்டில் ஃபோகஸ் பிடிக்கும் திறனுக்கும் எண்கள் தருகிறார்கள். எக்ஸ்-டி5க்கு மைனஸ் 7 ஈவி, ஏ7 ஃபோருக்கு மைனஸ் 4 ஈவி (ஈவி என்பது வெளிச்ச அளவு, ஒரு ஈவி ஒரு ஸ்டாப்; எண் இறங்க இறங்க இருட்டு). மூன்று ஸ்டாப் வித்தியாசம் என்று துள்ளிக் குதிப்பதற்குள் அடிக்குறிப்பைப் படிக்கவேண்டும். முதல் எண் எஃப் 1.0 லென்ஸ் மாட்டி அளந்தது, இரண்டாவது எஃப் 2.0 லென்ஸ் மாட்டி அளந்தது (எஃப் எண் குறையக் குறையத் துளை அகலமாகத் திறக்கும்). லென்ஸ்களுக்கு இடையிலேயே இரண்டு ஸ்டாப் போய்விடுகிறது. நிறுவனங்கள் பொய் சொல்வதில்லை. அடிக்குறிப்பில் உண்மை சொல்கின்றன, அவ்வளவுதான்.

பேட்டரி, அட்டை இடம், வ்யூஃபைண்டர் ஆகியவற்றில் முடிவை மாற்றும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டிலும் இரண்டு அட்டைகள் போடலாம், இரண்டின் பேட்டரியும் ஒரு நாடகத்தைத் தாங்கும். தொடர்படம் எடுப்பதில் எக்ஸ்-டி5 இயந்திர ஷட்டரில் விநாடிக்கு 15, ஏ7 ஃபோர் 10. அந்தப் பத்தும் இழப்புள்ள சுருக்கத்தில் ரா கோப்பு (சென்சாரின் திருத்தாத மூலத் தரவு) எடுத்தால்தான். இழப்பில்லாத சுருக்கத்தில் ஏறத்தாழ ஆறாகக் குறைகிறது. விளையாட்டுப் போட்டி எடுப்பவர் இங்கே நின்று யோசிக்கலாம். நாடகத்தில் ஆறே அதிகம்.

எடையும் வெளிச்சமும்

இந்த ஆய்வில் எனக்கே சுவாரசியமாக இருந்த பகுதி இது. தோழிக்கு எடை ஒரு முக்கியக் காரணம்; மணிக்கட்டு வலி உள்ளவர். பேட்டரியும் அட்டையும் சேர்த்து எக்ஸ்-டி5 557 கிராம், ஏ7 ஃபோர் 658 கிராம். நூறு கிராம் ஃபூஜிக்குச் சாதகம். ஆனால் வெறும் கேமராவை வைத்துக்கொண்டு யாரும் படமெடுப்பதில்லை.

எக்ஸ்-டி5இல் அவருக்குத் தேவையான லென்ஸ் எக்ஸ்எஃப் 50-140 மி.மீ. எஃப் 2.8. முக்காலிப் பிடியைக் கழற்றினால் 995 கிராம். ஃபுல் ஃபிரேமில் இதற்கு இணையான கோணம் ஏறத்தாழ 75-210. சோனியில் அந்த இடத்துக்கு எல்லோரும் உடனே சொல்வது 70-200 எஃப் 2.8 ஜிஎம் 2. அது 1045 கிராம். கேமராவோடு கூட்டினால் 1552க்கு 1703. இங்கேதான் பலர் கணக்கை முடித்துக்கொண்டு "ஏபிஎஸ்-சி லேசானது" என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த இரண்டு லென்ஸ்களும் ஒரே வேலையைச் செய்யவில்லை. ஒரே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறோம், ஒரே ஷட்டர் வேகம், ஒரே நடிகரின் முகம். அந்த முகத்திலிருந்து கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் நுழைகிறது என்பதைத் தீர்மானிப்பது முன்னாலிருந்து பார்க்கத் தெரியும் துளையின் விட்டம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைத்துவிடும். சென்சார் பெரியதா சிறியதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

வகுத்துப் பார்ப்போம். பழைய ஜூம் 140 மி.மீ.யில் ஏறத்தாழ எஃப் 5 திறக்கும்: 28 மி.மீ. ஃபூஜியின் 140, எஃப் 2.8: 50 மி.மீ. சோனி 200, எஃப் 2.8: 71 மி.மீ. சோனியிலேயே எஃப் 4 திறக்கும் 70-200 ஜி 2 லென்ஸும் உண்டு: 200ஐ 4ஆல் வகுத்தால் 50. ஃபூஜியின் எஃப் 2.8 லென்ஸுக்கு உண்மையான ஜோடி சோனியின் எஃப் 4 லென்ஸ்தான், எஃப் 2.8 அல்ல. முகத்திலிருந்து உள்ளே வரும் வெளிச்சமும் பின்னணி மங்கும் அளவும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. அந்த எஃப் 4 லென்ஸின் எடை 794 கிராம். கேமராவோடு சேர்த்து 1452.

ஆக, ஒரே வேலைக்கு ஃபூஜி 1552 கிராம், சோனி 1452 கிராம். லேசான கேமரா, லென்ஸ் மாட்டியதும் கனமான கேமராவாகிவிட்டது.

இத்தோடு நிற்கவில்லை. சோனி மவுண்டுக்கு டாம்ரான் தரும் 70-180 மி.மீ. எஃப் 2.8 ஜி2 லென்ஸின் எடை 855 கிராம். 180ஐ 2.8ஆல் வகுத்தால் 64 மி.மீ. பரப்பாக மாற்றினால், ஃபூஜி ஜோடியைப் போல ஏறத்தாழ 1.65 மடங்கு வெளிச்சம். பழைய ஜூமைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். மொத்த எடை 1513, ஃபூஜியைவிட அப்போதும் சற்றுக் குறைவு. 210க்குப் பதில் 180 என்பதால் முகம் கொஞ்சம் சிறிதாக விழும். ஃபூஜியின் சட்டகத்துக்கு இணையாக வெட்டினால் 33 மெகாபிக்சலில் 24 மிஞ்சும். பழைய கேமராவின் முழுப் படமே அவ்வளவுதான். சோனி தன் கேமராக்களில் பிற நிறுவன லென்ஸ்களுக்கு விநாடிக்கு 15 படம் என்று எல்லை வைத்திருக்கிறது. 10 மட்டுமே எடுக்கும் ஏ7 ஃபோரில் அது உறைக்காது.

ஃபூஜிக்கு நியாயம் செய்யவேண்டும் என்றால் இன்னொரு லென்ஸைச் சொல்லியாகவேண்டும். எக்ஸ்எஃப் 90 மி.மீ. எஃப் 2, 540 கிராம். விட்டம் 45 மி.மீ.; 50-140க்குக் கொஞ்சம்தான் குறைவு. கேமராவோடு 1097 கிராம். மணிக்கட்டுக்கு இதைவிட இதமான கூட்டணி இந்த ஒப்பீட்டில் இல்லை. மேடையின் பக்கவாட்டில் நின்று, முன்னும் பின்னும் நகர அனுமதி உள்ளவர் என்றால் நான் இதையே சொல்லியிருப்பேன். தோழிக்கு நகர அனுமதி இல்லை. நடிகர் மேடையின் பின்சுவரிலிருந்து விளிம்புக்கு வரும்போது ஜூம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஒத்துவராது.

மூன்றாவது வழி ஒன்றையும் நேர்மையாகப் பரிசீலித்தோம்: பழைய டிஎஸ்எல்ஆரிலேயே எஃப் 2.8 ஜூம் ஒன்றை மாட்டிக்கொள்வது. வெளிச்சக் கணக்குப்படி இது ஃபூஜி ஜோடிக்குச் சமம். அதைத் தடுத்தவை இரண்டு. அந்தக் கேமராவின் ஃபோகஸ் புள்ளிகள் சட்டகத்தின் நடுவில் மட்டும் குவிந்திருந்தன, அதனால் நடிகரை ஓரத்தில் வைத்துப் படம் அமைப்பது ஒவ்வொரு முறையும் போராட்டம். இரண்டாவது, கண்ணாடி எழும்பி விழும் சத்தம். அமைதியான காட்சியில் முன்வரிசை திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது இருந்தது.

ஒத்திகைக் கூடத்தில்

இரண்டு கேமராக்களையும் லென்ஸ்களோடு வாடகைக்கு எடுத்து, உடையோடு நடக்கும் ஒத்திகையில் வைத்துப் பார்த்தோம். முதல் சோதனை இரைச்சல். இதில் ஒரு எச்சரிக்கை: இரண்டு நிறுவனங்களின் ஐஎஸ்ஓ எண்களை அப்படியே எதிரெதிராக வைக்கக்கூடாது. ஐஎஸ்ஓ 12232 என்ற தர வரையறை உணர்திறனைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளை அனுமதிக்கிறது. ஷட்டர் வேகத்தையும் துளையையும் நிலைநிறுத்திவிட்டு, முடிவில் படம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே சரி.

நடிகை ஒருவர் மேசை விளக்கின் அருகே உட்கார்ந்து கடிதம் படிக்கும் காட்சி. இரண்டிலும் 1/250 விநாடி. ஃபூஜியில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200; சோனியில் எஃப் 4 லென்ஸ், ஐஎஸ்ஓ 6400. இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எது எது என்று தோழியால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என்னால் முடிந்தது, அதுவும் இரைச்சலை வைத்து அல்ல: நடிகையின் கம்பளிச் சால்வையில் இழைகள் ஃபூஜியில் சற்று வேறு விதமாக உருவாகியிருந்தன. எக்ஸ்-டி5இன் சென்சாரில் வண்ண வடிகட்டிகள் ஆறுக்கு ஆறு என்ற எக்ஸ்-டிரான்ஸ் அடுக்கில் இருக்கின்றன. மற்றக் கேமராக்களில் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு என்ற பேயர் அடுக்கு. ரா கோப்பை விரிக்கும் மென்பொருளைப் பொறுத்து நுண்ணிய இழைகளின் தோற்றம் மாறும். அச்சில் இது தெரியாது.

பிறகு சோனியில் டாம்ரானை மாட்டி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200. இப்போது வித்தியாசம் தெரிந்தது. கன்னத்தின் நிழல் பக்கத்தில் தோலின் நிறம் திட்டுத்திட்டாகப் பிரியாமல் வழவழப்பாக இறங்கியது. கணக்கு சொன்னதையே கண்ணும் சொன்னது.

இரண்டாவது சோதனை ஃபோகஸ். இருவர் வாக்குவாதம் செய்தபடி குறுக்கும் நெடுக்கும் நடக்கும் காட்சியைத் தேர்ந்தோம். அவர்களில் ஒருவர் தொப்பி அணிந்திருந்தார். விளக்கு மேலிருந்து விழுவதால் கண்கள் தொப்பியின் நிழலில் மறைந்தன. ஏ7 ஃபோரில் 759 கட்டக் கண்டறிவுப் புள்ளிகள் (ஃபோகஸை அளக்கும் இடங்கள்), எக்ஸ்-டி5இல் 425. இந்த எண்களைவிட, ஒருமுறை பிடித்தவரை விடாமல் தொடர்கிறதா என்பதே இங்கே முக்கியம். மற்றவர் குறுக்கே கடந்து போன பிறகும் சோனி தொப்பிக்காரரிடமே திரும்பியது. ஃபூஜியிலும் அதைச் செய்துவைக்க முடிந்தது, ஆனால் முகத்தேர்வை அடிக்கடி விரலால் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டியிருந்தது. அந்த வேலையில் கவனம் போனால் வசனத்தின் உச்சம் கைநழுவிவிடும். மேடையில் இதை நான் சோனிக்கு ஆதரவான வலுவான காரணமாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது, சத்தம். மேடையேற்ற நாளில் பார்வையாளர்கள் இருப்பார்கள், ஆகவே மின்னணு ஷட்டரில் சத்தமே இல்லாமல் எடுக்கலாம் என்பது தோழியின் நீண்ட நாள் கனவு. கனவில் பாதி கலைந்தது. மின்னணு ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஏ7 ஃபோரில் முழுச் சட்டகத்தையும் படித்து முடிக்க ஏறத்தாழ 1/15 விநாடி ஆகிறது. 1/250 என்று வைத்து எடுத்தாலும், மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடையில் அவ்வளவு நேரம் ஓடிவிடுகிறது. வேகமாகத் திரும்பும் நடிகரின் கைத்தடி வில்லாக வளைந்து பதிவாகும். அதோடு, மங்கலாக்கிய எல்ஈடி விளக்குகள் பலவும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை. வரிவரியாகப் படிக்கும்போது அந்த அணைப்புகள் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுகின்றன. எக்ஸ்-டி5உம் அடுக்குச் சென்சார் (வரிகளை மிக வேகமாகப் படித்துவிடும் வகை) கொண்டதல்ல. இந்தக் குறைக்கு அதுவும் விலக்கல்ல. சத்தமின்மையே உயிர்நாடி என்பவர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, அடுக்குச் சென்சார் உள்ள கேமராக்களைத்தான் தேடவேண்டும்.

மிஞ்சியது இயந்திர ஷட்டர். அதில் ஃபூஜியின் சத்தம் மென்மையானது; பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் கேட்கும். சோனி இரண்டு இருக்கை தள்ளியும் கேட்டது. இது ஃபூஜிக்குக் கிடைத்த தெளிவான வெற்றி, இதை நாங்கள் குறைத்து எடைபோடவில்லை. ஆனால் தோழி தன் முக்கியப் படங்களை ஒத்திகையில்தான் எடுக்கிறார். மேடையேற்ற நாளில் எடுப்பவை கைதட்டல், மாலை, பார்வையாளர் முகங்கள். ஆகவே அந்த வெற்றி முடிவைப் புரட்டும் அளவுக்குப் போகவில்லை.

கையும் பழக்கமும்

எக்ஸ்-டி5இன் தலையில் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, வெளிப்பாட்டுத் திருத்தம் மூன்றுக்கும் தனித்தனித் திருகிகள் இருக்கின்றன; துளைக்கு லென்ஸிலேயே வளையம். கேமராவை இயக்காமலேயே குனிந்து பார்த்தால் எல்லாம் தெரியும். எனக்கு இந்த அமைப்பு மிகவும் பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இருட்டு அரங்கில் குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அங்கே வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு விரல்களால் எல்லாவற்றையும் மாற்ற முடிகிறதா என்பதே கேள்வி. ஏ7 ஃபோரின் முறைத்திருகியில் 1, 2, 3 என்று சேமிப்பு இடங்கள் உண்டு. நிலையான காட்சிக்கு 1/125, நடமாட்டத்துக்கு 1/320, கும்பிடு போடும் நேரத்துக்கு ஒன்று என்று தோழி வைத்துக்கொண்டார். விளக்கு மாறியதும் ஒரு சொடுக்கு. ஃபூஜியிலும் ஏழு சேமிப்புகள் உண்டு. ஆனால் மேலே ஷட்டர் திருகி எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த எண்ணும் அதில் குறுக்கிடும்.

படம் எடுத்து முடித்த பிறகு ஃபூஜி மறுபடி முன்னால் வந்தது. குழு அன்றிரவே சில படங்களைக் கேட்கும். எக்ஸ்-டி5 தன் ஃபிலிம் சிமுலேஷன்களில் (ஃபிலிம் வகைகளை நினைவூட்டும் நிறத் தோற்றங்களில்) ஒன்றைப் பயன்படுத்தி ரா கோப்பைக் கேமராவுக்குள்ளேயே ஜேபெக்காக மாற்றித் தரும்; வெளிச்சத்தையும் நிறச் சமநிலையையும் மாற்றிக்கொள்ளலாம். ஏ7 ஃபோரில் அந்த வசதி இல்லை. மடிக்கணினி இல்லாமல் வேலையை முடிக்க விரும்புபவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. தோழி எப்படியும் வீட்டுக்கு வந்து ரா கோப்புகளை லைட்ரூமில்தான் திருத்துகிறார். அன்றிரவுப் படங்களுக்குச் சோனியில் ராவோடு ஜேபெக்கையும் சேர்த்துப் பதிவதே போதும் என்று முடிவுசெய்தார்.

முடிவு

அவர் வாங்கியது ஏ7 ஃபோர், டாம்ரான் 70-180 ஜி2, கூட ஒரு 40 மி.மீ. எஃப் 2.5 ஜி. மூன்றாவது லென்ஸ் 173 கிராம்தான். குழுப்படத்துக்கும் ஒப்பனை அறைக்கும். ஐஎஸ்ஓ வரம்பை 12800க்கு ஏற்றிவைக்கச் சொன்னேன். இரைச்சலை மென்பொருளில் அடக்கலாம், இழுபட்ட விரலை அடக்க முடியாது. அவருக்கு அரை மனதுதான், ஆனால் வைத்தார். ஷட்டர் வேகம் 1/200க்குக் கீழே இறங்காதபடி தானியங்கி ஐஎஸ்ஓவின் குறைந்தபட்ச வேகத்தையும் அமைத்தார். என் கணிப்பில், கேமரா மாற்றத்தால் கிடைத்ததைவிட லென்ஸ் மாற்றத்தாலும் இந்த ஓர் அமைப்பாலும் கிடைத்ததே அதிகம்.

மனம் கேட்டது ஃபூஜியைத்தான் என்று அவர் இப்போதும் சொல்கிறார். வார இறுதியில் தெருவில் நடந்து படமெடுப்பதே அவருடைய முதல் வேலையாக இருந்திருந்தால் நான் தயங்காமல் அதையே சொல்லியிருப்பேன். எக்ஸ்எஃப் 27 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் எடை 84 கிராம், கேமராவோடு 641. அதே கோணத்துக்குச் சோனியில் அந்த 40 மி.மீ.யைப் போட்டால் 831. துளைக் கணக்கில் சோனி இங்கும் முன்னால் இருக்கிறது, ஆனால் பகல் வெளிச்சத்தில் யாருக்கு வேண்டும் அது?

அதே கணக்கு, வேறு விடை

தோழியின் அண்ணன் பறவைகளை எடுப்பவர். தங்கை வாங்கியதைப் பார்த்து அவரும் ஏ7 ஃபோருக்கே மனதைத் தயார் செய்துகொண்டிருந்தார். அவருடைய எக்ஸிஃபை வடிகட்டினால் எல்லாமே ஜூமின் கடைசி எண்ணில் எடுத்தவை. அதற்கு மேலும் வெட்டப்பட்டவை.

இங்கே கணக்கு தலைகீழாகிறது. லென்ஸின் எல்லை 600 மி.மீ. என்றால், பறவை சென்சாரில் விழும் அளவு இரண்டு கேமராவிலும் ஒன்றே. அந்தச் சிறு பரப்பில் எத்தனை பிக்சல் இருக்கின்றன என்பதுதான் மிச்சக் கேள்வி. எக்ஸ்-டி5இன் பிக்சல் அகலம் ஏறத்தாழ 3 மைக்ரான், ஏ7 ஃபோருக்கு 5.1. பறவையின் மேல் விழும் பிக்சல்கள் ஃபூஜியில் ஏறத்தாழ 2.8 மடங்கு. ஏ7 ஃபோரை ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினால் 14 மெகாபிக்சல்தான் மிஞ்சும். அதே பரப்பில் ஃபூஜி முழு 40ஐ வைத்திருக்கிறது.

வெளிச்சத்தில் சோனி விடவில்லை. அதன் 200-600 லென்ஸ் 600இல் எஃப் 6.3, விட்டம் 95 மி.மீ.; ஃபூஜியின் 150-600 அங்கே எஃப் 8, விட்டம் 75. பரப்பில் 1.6 மடங்கு. விடியலுக்கு முன்பு காட்டுக்குள் ஆந்தை தேடுபவர் இதை விட்டுக்கொடுக்கக்கூடாது. எடையோ ஃபூஜி கூட்டணிக்கு 2162 கிராம், சோனிக்கு 2773. அறுநூறு கிராமுக்கும் மேல் வித்தியாசம், முக்காலி இல்லாமல் கையில் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு.

அண்ணன் படமெடுப்பது வெட்டவெளி ஏரிக்கரையில், வெயில் ஏறிய பிறகு. எக்ஸ்-டி5 வாங்கினார்.